மாத்திரைக் கவரில் ராஜாக்கள்

எடைமேடைக்காரர் யாரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. லாரிகள் ஏறி நிற்கும் இரும்பு மேடைக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் மட்டுமே உள்ள அறையில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். அந்த ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்தால் யாருக்கும் நல்ல வார்த்தை வராதுதான். மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவான் ஒருத்தன். பழைய இரும்புக்கு அடியில் பாறாங்கல்லை ஒளித்துக்கொண்டு வருவான் இன்னொருத்தன். வண்டி காலியாக வரும்போது டீசல் டேங்க்கை வற்ற விட்டுக்கொண்டு வருகிறவனே, சுமையோடு திரும்பும்போது விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வருவான். கிளீனர் ஒன்றும் தெரியாதவன் போல மேடையின் ஓரத்தில் ஏறி நின்று வானத்தைப் பார்ப்பான்.

"கீழ இறங்குய்யா. உன்னையும் சேர்த்தா விக்கிறாங்க? விக்கிற விலையா இருந்தா சொல்லு, தனியா சீட்டு போட்டுத் தரேன்" என்பார் ஜன்னலுக்குள்ளிருந்து.

இப்படி முப்பது வருஷம் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தாலும் அவர் நாக்கு மேடையிலிருந்து இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் அவரை விசேஷங்களுக்குக் கூப்பிட்டுவிட்டு, வராமலிருந்தால் நல்லது என்று காத்திருந்தார்கள். அவர் தவறாமல் போவார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகள் எதிரிலேயே, "பையன் பார்க்கக் கனமா இருக்கான், உள்ள என்ன சரக்குன்னு தெரியல" என்றவர். அந்தப் பையன்தான் பிறகு மாப்பிள்ளையானான். அதை மறக்கவும் இல்லை.

அவரோடு சேர்ந்து வாழ முடிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் இருமுகிறவர்களையும் முனகுகிறவர்களையும் பார்த்துவிட்டு வருவதால், புருஷனின் முனகலையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். அவர் திட்டத் தொடங்கினால், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் சண்டை நகராது.

அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ராஜா தலை போட்ட பழைய வெள்ளி நாணயம். வேலை முடிந்து வரும் வழியில், ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் துணி விரித்துப் பழைய காசு விற்கிற ஒருவர் இருந்தார். மாதத்துக்கு ஒன்றோ, இரண்டு மாதத்துக்கு ஒன்றோ அவரிடம் வாங்குவாள். வீட்டுக்கு வந்து, கடையில் சில்லறை மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகிதக் கவரில் அதைப் போட்டு மூடுவாள். கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று அச்சடித்திருக்கும். வேறு எதுவும் அவள் எழுதியதில்லை. கவர்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, டப்பாவைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைப்பாள்.

"மூணு வேளையும் ஒரு ராஜாவை முழுங்கினா என்ன குணமாகும்?" என்று கேட்பார்.

"உங்களுக்குக் குணமாகாது. விடுங்க."

அவருக்குத் தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். வெள்ளியின் விலை தினமும் பேப்பரில் வருகிறது. காசின் எடை இவ்வளவு. பெருக்கினால் விலை. அவ்வளவு எளிய விஷயத்துக்கு இவள் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கொடுத்து வாங்குகிறாளே என்பதுதான். ஒரு முறை அவள் ஒரு காசை விளக்குக்கு நேராகப் பிடித்து, "இங்க பாருங்க, வருஷத்துக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு. மத்ததுல எல்லாம் இருக்காது" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்தது கம்மி.

"புள்ளி வச்சா விலை கூடுமா? அப்ப நானே ஆணியால வச்சுத் தரேன், எத்தனை புள்ளி வேணும்?"

அவள் கவரை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் காசையும் அவரிடம் காட்டவில்லை. வாங்குவதையும் நிறுத்தவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தவளுக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வரிசையாக ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். தங்கமான மனசு. அதிர்ந்து பேச மாட்டாங்க. யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவங்க. யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எடைமேடைக்காரருக்கு விளங்கவில்லை. செத்துப்போனால் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்து, ஒரே எடையில் வெளியே தள்ளிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வாடகை வீட்டைக் காலி செய்து மகள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த அறையில் துணி காயப்போடும் கம்பி ஒன்றும் மாப்பிள்ளையின் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றும் ஏற்கெனவே குடியிருந்தன. மாப்பிள்ளை அந்த சைக்கிளில் ஏறி அவர் பார்த்ததே இல்லை. அவருடைய சட்டைகள்தான் அதன் மேல் தொங்கின.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பிறகு மகள் பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, அம்மா போட்டோவுக்கு நல்லதா ஒரு ஃப்ரேம் போடணும்ப்பா. இவருக்குத் தெரிஞ்ச நகைக்கடையில வெள்ளியில செஞ்சு தராங்களாம். கொடி, பூ எல்லாம் வச்சு."

"செய்ங்க."

"அம்மா வச்சிருந்த காசு இருக்குல்ல. அதையே உருக்கினா வெள்ளி வாங்க வேண்டியதில்ல. அம்மாவோட வெள்ளி, அம்மாவுக்கே ஆகும். மனசுக்கும் ஒரு இதா இருக்கும்."

எடைமேடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "அது உங்கம்மா பார்த்துப் பார்த்துச் சேர்த்தது."

மாப்பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா, நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க. என்ன ராஜா தலை போட்டிருந்தாலும் வெள்ளின்னா எடைதான்னு" என்றான்.

முப்பது வருஷம் அவர் சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூட மாறாமல், வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். மாப்பிள்ளைக்கு உள்ளே சரக்கு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். மட்டமான சரக்கு, ஆனாலும் சரக்கு.

"எடைக்கு மேல ஒருத்தன் பணம் எடுத்து வச்சா?" என்றார் கடைசியில்.

"வச்சா உருக்க வேணாம் மாமா. ஆனா ஞாயித்துக்கிழமை ஆசாரி வராரு."

மறுநாள் காலை, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பழைய காசு வாங்கும் கடைகள் ஒரே தெருவில் இருந்தன. முதல் கடைக்காரரின் விரல்களில் ஐந்து மோதிரங்கள். மனிதர் பையைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கவர்களைப் பிரித்துப் பச்சைத் துணியின் மேல் காசுகளைப் பரப்பினார். கறுத்தவை, பாதி கறுத்தவை, ஒன்றிரண்டு பளபளப்பானவை. சின்ன மின்தராசில் மொத்தத்தையும் வைத்தார். அரைகுறை எடையெல்லாம் சொல்லி ஏமாற்றப்போகிறார் என்று எடைமேடைக்காரர் நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றார். வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

எடை மிகச் சரியாக இருந்தது. மில்லி கிராம் பிசகவில்லை.

"இன்னிக்கு பேப்பர் விலை தரேன் பெரியவரே. சேதாரம் கழிவு ஒண்ணும் பிடிக்க மாட்டேன். நம்ம கடையில அந்தப் பழக்கமே இல்ல."

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எடைமேடைக்காரருக்கு மட்டும் பிடரி சிலிர்த்தது. மேடையில் அவர் கண்ட பாடம் ஒன்று உண்டு. எல்லா டிரைவரும் எடைக்குச் சண்டை போடுவான். சண்டையே போடாமல் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறவன் வண்டியைத்தான் இறக்கிப் பார்க்க வேண்டும். எடையில் திருடாதவன் வேறெங்கோ பெரிதாகத் திருடுகிறான்.

ஆனால் எங்கே என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் எப்படிச் சண்டை போடுவது? ஒரு நிமிஷம் அவருக்கு எல்லாமே சலித்துப்போயிற்று. கொடுத்துத் தொலைக்கலாம். அந்தச் சலிப்பில்தான், எந்தத் தந்திரமும் நினைக்காமல், மனதில் இருந்ததை அப்படியே சொன்னார்.

"சரி. வீட்டுக்காரி சேர்த்தது. ஞாபகத்துக்கு ஒண்ணு மட்டும் வச்சுக்கறேன்."

"தாராளமா. எது வேணும்னாலும் எடுத்துக்கங்க பெரியவரே. அதுக்கு எடைகூடக் கழிக்க மாட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசுகளைப் புரட்டினார். அவருக்குத் தெரிந்த காசு ஒன்றே ஒன்றுதான், அந்தப் புள்ளி வைத்தது. ஒவ்வொன்றாக வருஷத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். மோதிரக்காரர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அது நல்லா இருக்கும், இதுவும் நல்லா இருக்கும், இந்த ராஜா மீசை பாருங்க. கறுத்துப்போயிருந்த ஒன்றை எடைமேடைக்காரர் எடுத்துப் பார்த்தார். புள்ளி இருந்தது.

"இது."

"அது வேணாம் பெரியவரே." ஐந்து மோதிரமும் ஒரே சமயத்தில் மேஜைக்கு மேல் வந்தன. "அது கறுத்துப்போச்சு. ஞாபகத்துக்குன்னு வைக்கறீங்க, லட்சணமா இருக்க வேணாமா? இத எடுத்துக்கங்க. பாருங்க, நிலா மாதிரி."

எடைமேடைக்காரர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மேடை ஓரத்தில் நிற்கிற கிளீனரின் முகம். வானத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"நாளைக்கு வரேன்" என்று எல்லாவற்றையும் அள்ளிக் கவர்களில் போட்டார். வாசல் வரை கூடவே வந்து, பேப்பர் விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார் மோதிரக்காரர்.

அடுத்த கடை கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்தது. கோட்டு போட்ட ஒருவர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, நாணய சாஸ்திரம் என்றெல்லாம் ஏதோ பேசினார். கடைசியில் அவரும் தராசைத்தான் எடுத்தார். இத்தனை படிப்பும் ஒரு தராசைத் தூக்கத்தானா என்று நினைத்துக்கொண்டு, எடைமேடைக்காரர் ஞாபகத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளும் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை தந்திரமாகவே. மேலாக ஏழெட்டுக் காசைத் தொட்டார். எல்லாவற்றுக்கும் கோட்டுக்காரர் சம்மதித்தார். புள்ளிக் காசைத் தொட்டதும், "சார், எமோஷனலா முடிவெடுக்காதீங்க" என்றார்.

எமோஷனாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் அவரைப் பார்த்து அதைச் சொல்கிறான். வெளியே வந்து தெருவிலேயே நின்று சிரித்தார்.

அங்கிருந்து மாடிப்படிக்கு அடியில் துணி விரித்திருப்பவரைத் தேடிப் போனார். கிழவர் இன்னும் அங்கேயே இருந்தார். எடைமேடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் கிழவர் காசைப் பார்க்கவில்லை, கவரைப் பார்த்தார்.

"இது அந்த மாத்திரைக் கவர் அம்மாவோடதாச்சே. நீங்க யாரு?"

"வீட்டுக்காரன்."

"அவங்க?"

"இல்ல. போய்ச் சேர்ந்துட்டா."

கிழவரும் தங்கமான மனசு என்று தொடங்குவார் என்று எடைமேடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பாவி" என்றார் கிழவர். "என் வயித்தெரிச்சல் சும்மா விடுமா? அந்தம்மா இங்க வந்து உக்காந்தா எனக்குக் கை நடுங்கும்யா. பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, நல்ல காச விட்டுட்டு மட்டத்தையே அரை மணி நேரம் பேரம் பேசும். நான் மட்டத்தைக் காப்பாத்திட்டு இருக்கறப்ப, இதையும் சேர்த்துக் குடுத்துடுங்கண்ணான்னு ஓரத்துல கிடந்தத எடுத்துக்கும். வீட்டுக்குப் போய் யோசிச்சாத்தான் தெரியும், என் தலையில மிளகா அரைச்சிட்டுப் போனது."

எடைமேடைக்காரர் மாடிப்படியின் கீழ்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் போன பிறகு அவளைப் பற்றிக் கேட்ட முதல் உண்மையான வார்த்தை இது. இன்னும் திட்டுவாரா என்று ஆசையாக இருந்தது.

"இதுவும் அப்படி எடுத்ததா?" புள்ளிக் காசை நீட்டினார்.

கிழவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இது எங்கிட்டதான் இருந்துச்சா? நான் புள்ளியவே பார்க்கலியே. இது நாலஞ்சு பேர்கிட்டகூட இருக்காதுய்யா." காசைத் தூரமாக நீட்டித் திருப்பிக் கொடுத்தார், சூடு பட்டவர் போல. "எங்கிட்ட விக்காதீங்க. அவ்வளவு பணம் எங்கிட்ட இல்ல. அஞ்சு மோதிரம் போட்ட கடைக்காரன்கிட்ட போங்க. அவன் நல்லவன்னு சொல்லல. இந்தக் காசுக்காகப் பத்து வருஷமா, காசு சேர்க்கற ஒரு பெரிய மனுஷன்கிட்ட அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டு இருக்கான். முதல்ல அவன் சொல்ற விலைய மட்டும் காதுலயே போட்டுக்காதீங்க."

"எவ்வளவு கேக்கணும்?"

"நீங்க கேக்காதீங்க. கேட்டா அதுக்கு மேல போக மாட்டான்."

அது எடைமேடைக்காரருக்கு உடனே பிடிபட்டது. பழைய முள் தராசுக் காலத்தில், வண்டி ஏறியதும் முள் இரண்டு பக்கமும் ஆடும். அவசரக்காரன் ஆடும்போதே படிப்பான். முள் தானாக நிற்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் மொத்த வித்தையும்.

மறுநாள் மோதிரக்காரரின் கடையில், மற்ற கவர்களைப் பையிலேயே விட்டுவிட்டு, அந்த ஒரு காசை மட்டும் துணியில் வைத்தார்.

"இது ஒண்ணுதான்."

"ஒண்ணா? ஒரு காசுல எனக்கு என்ன நிக்கும் பெரியவரே. சரி, உங்களுக்காக எடைக்கு ரெண்டு மடங்கு."

எடைமேடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"அஞ்சு மடங்கு. வீட்டுக்காரம்மா ஞாபகம்னு சொன்னீங்களேன்னு."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இல்லை. அந்த ஞாபகப் பேச்சுக்கு மட்டுமே நாலு பதில் தொண்டையில் வந்து முட்டின. மோதிரக்காரர் காசைத் திருப்பினார், கறுப்பைப் பழித்தார், சந்தை படுத்துக் கிடப்பதைச் சொன்னார், தன் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சொன்னார். ஒவ்வொரு புலம்பலுக்குப் பிறகும் விலை ஒரு படி ஏறியது. முந்தின நாள் மொத்த டப்பாவுக்கும் சொன்ன தொகையை இந்த ஒரு காசு தாண்டியபோது, எடைமேடைக்காரர் கவரை எடுத்துக் காசை உள்ளே போடப் போனார். இன்னும் கொஞ்சம் ஏறியது. மறுபடியும் போடப் போனார்.

இந்தத் தடவை மோதிரக்காரர் தானே காசை அவர் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் மிஞ்சாது." பேச்சில் "பெரியவரே" இல்லை, பிள்ளைகளின் படிப்பு இல்லை. வெறும் எரிச்சல்.

முள் நின்றுவிட்டது.

அப்போதுதான் எடைமேடைக்காரருக்குக் கை தயங்கியது. டப்பாவில் அவருக்குத் தெரிந்த ஒரே ராஜா இதுதான். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள நினைத்ததைத்தான் விற்க வேண்டியிருக்கிறது. மற்றவற்றில் எதை விற்றாலும் எடைக்கு மேல் இப்படிக் கிடைக்கப்போவதில்லை. இதைக் கொடுக்காமல் போனால் ஞாயிற்றுக்கிழமை இதுவும் சேர்ந்து பூவும் கொடியுமாகிவிடும்.

"குடுங்க" என்றார்.

பில் போடும்போது மோதிரக்காரர் பேரைக் கேட்டார். எடைமேடைக்காரர் அவள் பேரைச் சொன்னார். "அந்தம்மாவுக்கு நல்ல கண்ணு" என்றார் மோதிரக்காரர், எழுதிக்கொண்டே.

"உங்களைக் கேட்டனா?" என்றார் எடைமேடைக்காரர். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை முன்னால் பில்லையும் பணத்தையும் வைத்தார். மாப்பிள்ளை பில்லை ஒரு தடவை படித்தான். பணத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தான். இரண்டு நாளுக்கு முன் வெறும் எடையாக இருந்தவை, அவன் கண்ணெதிரே ராஜாக்களாக எழுந்து நின்றன.

"மாமா, மீதியும் இப்படித்தான் போகுமா? நெட்ல போட்டுப் பார்க்கலாமா?"

"பாரு. ராஜா மேல உனக்கு இவ்வளவு மரியாதை இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சு."

மகள் சிரிப்பை அடக்க எழுந்து உள்ளே போனாள். எடைமேடைக்காரர் பணத்தைப் பிரித்து ஒரு பகுதியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். "இந்தா. ஃப்ரேமுக்கு. ஆசாரிய வரச் சொல்லி, கொடி, பூ, என்ன எழவு வேணுமோ வச்சுக்கங்க. எடை பார்த்து வாங்குங்க, அதுக்கு எடைதான் விலை. டப்பாவ யாரும் தொட வேணாம்."

ஃப்ரேம் வந்தது. எதிர்பார்த்ததைவிட அசிங்கமாக இருந்தது. கொடிக்கும் பூவுக்கும் நடுவில், மருந்துக்கடையில் கூட்டம் அதிகமான நாளில் இருப்பது போல அவள் முகம் எட்டிப் பார்த்தது. மாட்ட வேண்டிய சுவரில் மகள் இடம் குறித்துவிட்டு, சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

எடைமேடைக்காரர் ஃப்ரேமை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டார். அடிப்பக்க நடுவில், பூவெதுவும் இல்லாத ஒரு இடமாகத் தேடினார். ஆணி முனையை அங்கே வைத்து, லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க? புது ஃப்ரேம்ல புள்ளி விழுந்துடுச்சு பாருங்க."

"இருக்கட்டும்" என்றார். "விலை கூடும்."